நகைச்சுவைக் கலைஞர்களின் மேடையைப் பறிப்பது யார்?

அரங்கவாசி எழுதியது:

2025 மார்ச் மாதம் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவுக்கு நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்தச் செய்திகளில் கம்ராவைவிட ஹேபிடட் அரங்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மார்ச் 23 அன்று அவருடைய காணொளி வெளியானது. மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் குறிப்பிடாமல் கேலி செய்யும் பாட்டு ஒன்று அதில் இருந்தது. அன்று இரவே ஷிண்டேயின் கட்சிக்காரர்கள், நிகழ்ச்சி படமாக்கப்பட்ட அந்த மும்பை அரங்குக்குள் புகுந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் உடைத்தார்கள். மறுநாள் மாநகராட்சி ஊழியர்கள் வந்து, விதிமீறிய கட்டுமானம் என்று ஒரு பகுதியை இடித்தார்கள். அரங்கை மூடுவதாக நடத்துபவர்கள் அறிவித்தார்கள். ஏப்ரலில் புக்மைஷோ டிக்கெட் தளத்திலிருந்து கம்ராவின் பெயரும் நீக்கப்பட்டது.

அந்தப் பாட்டை எழுதியதிலோ பாடியதிலோ அரங்குக்குப் பங்கு இல்லை. ஆனால் முதல் அடி அதற்குத்தான் விழுந்தது. அந்த மேடையில் அடுத்த வாரம் ஏறவிருந்த, அரசியலே பேசாத புதுக் கலைஞர்களுக்கும் சேர்த்துத்தான் அது விழுந்தது.

நகைச்சுவையாளர்களுக்கு வரும் நெருக்கடி பற்றிப் பேசும்போது கலைஞருக்கும் அதிகாரத்தில் இருப்பவருக்கும் இடையில் நடக்கும் சண்டையாகவே அதைப் பார்க்கிறோம். உண்மையில் இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய வரிசை நிற்கிறது. அரங்கு உரிமையாளர், டிக்கெட் தளம், தொலைக்காட்சி நிர்வாகம், விளம்பரதாரர், நிகழ்ச்சி அமைப்பாளர். வாய்ப்பு கைமாறுவதும் நின்றுபோவதும் இவர்களிடம்தான். இவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாதவரை கலைஞருக்குக் கருத்துச் சுதந்திரம் இருக்கிறது என்று சொல்வதால் என்ன பயன்? உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

பழைய வாசகன் எழுதியது:

தம்பி, நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள். என் தலைமுறைக்கு இந்தப் பேச்சு வந்தாலே 1987தான் நினைவுக்கு வரும். ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்குப் படம் வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்எல்ஏ, யார் அமைச்சர் என்று கேட்பதாகவும், பிக்பாக்கெட் போல இருப்பவர் எம்எல்ஏ, முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் அமைச்சர் என்று பதில் வருவதாகவும் நினைவு. சட்டமன்றத்தின் மாண்பைக் குலைத்ததாகச் சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் அறிவித்தார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அவரை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. ஆசிரியர் அதோடு நிற்கவில்லை. வழக்குத் தொடர்ந்தார், சில ஆண்டுகள் கழித்து வென்றார், அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் பெற்றார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று தண்டித்தவர் தன் பெயரோடும் பதவியோடும் தண்டித்தார். ஆணை இருந்தது. ஆணை இருந்ததால் அதை எதிர்த்து நீதிமன்றம் போக முடிந்தது. இன்று ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை முடிந்துவிடுகிறது. அழைத்தவர் யார் என்றே வெளியே தெரிவதில்லை. அப்படியிருக்க, யார்மீது வழக்குப் போடுவது?

கேள்விக்குறி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேடை யாருக்கும் பிறப்புரிமை இல்லை. ஒரு அரங்கு உரிமையாளர் தன் சொத்தையும் ஊழியர்களையும் காப்பாற்ற ஒரு நிகழ்ச்சியை வேண்டாம் என்று சொன்னால் அது அவருடைய முடிவு. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது. தொலைக்காட்சியும் அப்படித்தான். ஸ்டீஃபன் கோல்பேரின் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ் அறிவித்தபோது, முழுக்க நிதிக் காரணம் என்றுதான் சொன்னது. இரவு நேர நிகழ்ச்சிகளுக்கு விளம்பர வருவாய் பல ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது என்பது உண்மை. ஒரு நிகழ்ச்சி நிற்கும்போதெல்லாம் பின்னால் அரசியல் இருக்கிறது என்று முடிவுகட்டினால், வணிகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுவோம்.

இன்னொன்று. கலைஞர்களும் சக்தியற்றவர்கள் அல்ல. லட்சக்கணக்கான பேர் பின்தொடரும் ஒருவர் கிண்டல் செய்யும்போது, கிண்டலுக்கு ஆளானவர் பக்கமும் பார்க்க வேண்டும்.

அரங்கவாசி எழுதியது:

கேள்விக்குறி, வணிகக் காரணம் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 2025 ஜூலை தொடக்கத்தில் சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், ட்ரம்ப் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 1 கோடியே 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஜூலை 14 அன்று கோல்பேர் தன் நிகழ்ச்சியிலேயே அதை லஞ்சம் என்று சொன்னார். 17ஆம் தேதி நிகழ்ச்சி நிறுத்தப்படும் அறிவிப்பு வந்தது. 24ஆம் தேதி, பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைவதற்கு அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையமான எஃப்சிசி ஒப்புதல் கொடுத்தது. நிறுவனம் சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கட்டும். அரசின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் முடிவைச் சுதந்திரமான வணிக முடிவு என்று எப்படி நம்புவது?

ஏபிசி தொலைக்காட்சியில் இரவு நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மல் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. செப்டம்பர் 15 அன்று, வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க்கின் கொலையை ட்ரம்ப் ஆதரவாளர்கள் அரசியல் ஆதாயமாக்குவதாகப் பேசினார். 17ஆம் தேதி எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார் ஒரு பாட்காஸ்டில் வெளிப்படையாகவே நிலையங்களை எச்சரித்தார். அதே நாளில், பல ஏபிசி நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மாட்டோம் என்றது. ஏபிசியும் அன்றே காலவரையின்றி நிறுத்தியது. நெக்ஸ்டார் அப்போது டெக்னா என்ற நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க அதே ஆணையத்தின் அனுமதியை எதிர்பார்த்திருந்தது. கிம்மலைத் தடை செய்து ஆணையம் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

23ஆம் தேதி அவர் திரும்பி வந்ததற்கும் இதே நடுவரிசைமீது விழுந்த அழுத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சந்தாவை ரத்துசெய்த பார்வையாளர்கள், கண்டித்த சக கலைஞர்கள் ஆகியோரின் அழுத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

மேடைக்காரி எழுதியது:

இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கைதும் வழக்கும்தான் தெரியும். பெரிய பெயர்களுக்கு மட்டும் அது நடக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு நடப்பது வேறு. டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சியில் வரும் பணம் வாடகைக்கும் ஒலியமைப்புக்கும் போகவே சரியாக இருக்கும். பிழைப்பு ஓடுவது நிறுவனங்களின் ஆண்டு விழாக்களில்தான். அந்த நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே உரையை எழுதிக் கேட்பார்கள். அனுப்புவோம். அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம் என்று திரும்பி வரும். அது எதிர்பார்த்ததுதான். அடுத்து, எங்கள் துறை அமைச்சகத்தோடு தொடர்புடையது, எனவே வரி பற்றிய துணுக்கு வேண்டாம் என்பார்கள். பிறகு சாலைப் பள்ளம் பற்றிய துணுக்கும் வேண்டாம் என்பார்கள். ஒருமுறை ஒரு பெரிய நிறுவனத்தின் விழாவுக்கு, பணவீக்கம் என்ற சொல்லே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். யாரோ அவர்களை மிரட்டியதாக நான் நினைக்கவில்லை. யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று கீழ்நிலை மேலாளர் ஒருவர் பயந்திருப்பார். அவருடைய பயம் என் உரையிலிருந்து பாதிப் பக்கத்தை வெட்டிவிட்டது.

வாய்ப்பு நிற்பதும் சத்தமில்லாமல்தான். உங்களை அழைக்க மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த முறை பட்ஜெட் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்பார்கள். அந்த அடுத்த முறை வராது. நமக்கு நிரூபிக்க ஒன்றும் இருக்காது. நம் துணுக்கு நன்றாக இல்லையா, அல்லது அந்தத் துணுக்குதான் காரணமா என்று நமக்கே தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் ஒரு கலைஞர் உள்ளுக்குள் நொறுங்குகிறார். மேடையில் ஒரு வரி நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும். சில மாதங்கள் கழித்து அந்த வரி நாக்குக்கே வராது. யோசனையிலேயே நின்றுவிடும். பார்வையாளர்களாகிய உங்களுக்கு எதை இழந்தீர்கள் என்று ஒருபோதும் தெரியாது.

கேள்விக்குறி அண்ணா சொன்ன அரங்கு உரிமையாளர்மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவரைத் தனியாக விட்டவர்கள்மீதுதான் கோபம்.

சட்டம்படித்தவன் எழுதியது:

மேடைக்காரி சொன்ன நிரூபிக்க முடியாத நிலை பற்றியும், பழைய வாசகர் ஐயாவின் கேள்வி பற்றியும் சட்டத்தின் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

எழுத்தில் இல்லாத தடையையும் எதிர்க்க முடியும் என்பதற்கு 2019 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. பொபிஷ்யோதெர் பூத் என்ற வங்காள அரசியல் நையாண்டிப் படம் அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான மறுநாளே கொல்கத்தாவில் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. தணிக்கைச் சான்று பெற்ற படம். தடை ஆணை எதுவும் இல்லை. மேலிடத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் திரையரங்குகளின் பதில். தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இழப்பீடு தயாரிப்பாளர்களுக்கு மட்டும் அல்ல, திரையரங்கு உரிமையாளர்களுக்கும் சேர்த்து. அரங்கவாசி சொல்லும் நடுவரிசையும் பாதிக்கப்பட்ட தரப்புதான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகவே இதை நான் படிக்கிறேன்.

அதற்கு முன்பே 1989 இல், ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பான ரங்கராஜன் எதிர் ஜெகஜீவன் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வன்முறை மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது. அரங்குக்குப் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. களத்தில் காவல்துறை செய்வது வேறு. 2021 நவம்பரில் நகைச்சுவைக் கலைஞர் முனாவர் ஃபாரூக்கியின் பெங்களூரு நிகழ்ச்சிக்கு எதிர்ப்பு வந்தபோது, காவல்துறை எதிர்ப்பாளர்களைக் கட்டுப்படுத்தாமல் நிகழ்ச்சியை ரத்துசெய்யும்படி அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது. இரண்டு மாதங்களில் 12 நிகழ்ச்சிகள் ரத்தானதாக அவர் அப்போது சொன்னார்.

அதே முனாவர் அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானவர். மேடையில் அவர் சொல்லாத துணுக்குக்காகவே கைது என்பது அவர் தரப்பு வாதம். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். உடன் கைதானவர்களில் நிகழ்ச்சி ஏற்பாட்டில் இருந்தவர்களும் உண்டு. மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299, இந்த மாதிரி வழக்குகளில் அடிக்கடி வருகிறது. வழக்கு தோற்றாலும் ஜாமீனுக்கு அலையும் காலத்தில் தண்டனை முடிந்துவிடுகிறது.

தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் கிகு ஷார்தாவையும் மறக்கக் கூடாது. 2016 ஜனவரியில், தேரா சச்சா சவுதா என்ற மத அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமைப் போல வேடமிட்டு நடித்ததற்காக இதே 295ஏ பிரிவில் கைதானார். மும்பையிலிருந்து அவரை ஹரியானாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த குர்மீத்துக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. யாருடைய மனம் புண்படாமல் இருக்க ஒரு நடிகரைக் கைது செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

நடுக்கடல் எழுதியது:

வடிவேலுவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காகப் பிரசாரம் செய்தார், விஜயகாந்தை மேடைக்கு மேடை கேலி செய்தார். விஜயகாந்த் இருந்த அதிமுக கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. அதுவரை ஆண்டு முழுவதும் திரையில் இருந்த மனிதர் 2014 வரை கிட்டத்தட்ட காணாமல் போனார். அவரை நடிக்கவைக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் வெளியாகவில்லை. வாய்ப்புகள் வருவது நின்றது, அவ்வளவுதான்.

கேள்விக்குறி எழுதியது:

நடுக்கடல், அது தேர்தல் பிரசாரம். ஒரு கட்சியின் மேடையில் ஏறியவர் அரசியல்வாதிக்குரிய விளைவுகளையும் ஏற்க வேண்டும். நகைச்சுவை நிகழ்ச்சியோடு அதைச் சேர்ப்பது சரியில்லை.

முனாவர் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் அவர் பிக்பாஸ் இந்தி நிகழ்ச்சியின் வெற்றியாளர். கிம்மல் ஒரு வாரத்துக்குள் திரும்பினார். கம்ராவின் காணொளியை அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான் பலரும் தேடிப் பார்த்தார்கள். சர்ச்சை ஒருவரை அழிப்பதற்குப் பதிலாக வளர்த்தும் விடுகிறது அல்லவா?

மேடைக்காரி எழுதியது:

மீண்டு வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும் அண்ணா. முனாவரோடு சிறைக்குப் போன மற்றவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது? மீள முடியாதவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

வடிவேலு பற்றியும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அவர் தேர்தல் மேடையில் பேசியதற்குத் தேர்தல் முடிவு பதில் சொல்லிவிட்டது. படத்தில் நடிக்கும் தொழில் ஏன் பறிபோக வேண்டும்? அரசியல் பேசிய ஆசிரியரையோ மருத்துவரையோ அப்படி வேலையை விட்டு நீக்கினால் ஒத்துக்கொள்வோமா?

தூரப்பார்வை எழுதியது:

வேறு நாடுகளில் இது எந்த எல்லைவரை போகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள்.

சீனாவில் 2023 மே மாதம் லி ஹாவ்ஷி என்ற கலைஞர், தான் வளர்க்கும் இரண்டு நாய்கள் அணிலைத் துரத்தியதைப் பற்றிச் சொல்லும்போது, ராணுவத்தைப் புகழும் ஒரு முழக்கத்தைப் பயன்படுத்தினார். ஒரே ஒரு வரி. அவரோடு ஒப்பந்தத்தில் இருந்த ஷாங்காய் நிறுவனத்துக்கு அபராதமும் பறிமுதலுமாக ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் யுவான் விதித்தார்கள். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் அந்த நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. நிறுவனம் அவரை நீக்கியது. அடுத்த நாட்களில், அந்தத் துணுக்கோடு தொடர்பே இல்லாத இசை நிகழ்ச்சிகள்கூட ரத்தாயின. அரங்கவாசி சொல்வது சரி. கலைஞரைவிட நிறுவனத்தைத் தண்டித்தால், மற்ற நிறுவனங்கள் தாங்களாகவே காவல் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மியான்மரின் மீசைச் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவின் கதை வேறு. 1996 ஜனவரி 4, சுதந்திர தினத்தன்று ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூகியின் வீட்டில் நடந்த நிகழ்ச்சியில் ராணுவத் தளபதிகளைப் பற்றி நகைச்சுவை சொன்னார்கள். பார் பார் லே உள்ளிட்ட இருவருக்கு ஏழு ஆண்டுச் சிறை, கடுங்காவல். 2001 இல் விடுதலையான பிறகு பொதுவெளியில் நடிக்கத் தடை. அவர்கள் மண்டலேயில் தங்கள் வீட்டு முன்னறையையே மேடையாக்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுதோறும் நடித்தார்கள். நடுவில் யாரும் இல்லாத ஒரு மேடை வேண்டுமானால் அதைச் சொந்த வீட்டுக்குள்தான் போட வேண்டியிருந்தது. அந்த மேடைக்கு அவர்களுடைய சொந்த மக்கள் வர முடியவில்லை என்பதுதான் கொடுமை.

ஜெர்மனியைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். 2016 இல் தொலைக்காட்சி நையாண்டிக் கலைஞர் யான் போமர்மன் துருக்கி அதிபர் எர்டோகனைப் பற்றி வாசித்த கவிதைக்காக, வெளிநாட்டுத் தலைவரை அவமதிப்பதைக் குற்றமாக்கும் 103ஆம் பிரிவில் விசாரணை நடத்த சான்சலர் மெர்கலே அனுமதி கொடுத்தார். அரசுத் தரப்பு அந்த ஆண்டே வழக்கைக் கைவிட்டது. 2018 தொடக்கத்திலிருந்து அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. கவிதையின் பெரும்பகுதியைத் திரும்பச் சொல்லக் கூடாது என்ற ஹம்பர்க் நீதிமன்றத் தடை மட்டும் தங்கிவிட்டது.

கேள்விக்குறி எழுதியது:

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். எளியவர்களை, சாதியால் ஒடுக்கப்பட்டவர்களை, மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் நகைச்சுவையாளரை மக்கள் எதிர்த்து, அவருடைய வாய்ப்பு போனால் அதையும் எதிர்ப்பீர்களா?

அரங்கவாசி எழுதியது:

மக்கள் டிக்கெட் வாங்காமல் இருப்பதையும் கண்டித்து எழுதுவதையும் எதிர்க்க மாட்டேன். அது பார்வையாளரின் உரிமை. அரங்கை உடைப்பதை எதிர்ப்பேன், அவர் எவ்வளவு மோசமாகப் பேசியிருந்தாலும். ஆனால் இரண்டும் ஒரே தராசில் வராது. எளியவர் புண்பட்டால் அவரிடம் மாநகராட்சி இடிப்பு வண்டி கிடையாது, உரிமம் புதுப்பிக்கும் கையெழுத்து கிடையாது. இந்த இழையில் நான் பேசுவது அந்தக் கையெழுத்தை வைத்திருப்பவர்களைப் பற்றி மட்டும்தான்.

சிற்றரங்கம் எழுதியது:

முதல்முறை எழுதுகிறேன். சிறிய அரங்கு ஒன்று நடத்துகிறேன். எங்களைப் பற்றி இவ்வளவு பேர் அக்கறையோடு பேசுவதைப் படித்து மனம் நெகிழ்ந்தது.

எங்களுக்கு வரும் மிரட்டல் பெரும்பாலும் இடிப்பு வண்டி அளவுக்குப் போவதில்லை. தீயணைப்புச் சான்று, ஒலி அளவு, வாகன நிறுத்தம் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி ஒரு அதிகாரி வருவார். எல்லாம் சரியாக வைத்திருந்தாலும் ஏதாவது ஒரு தாளில் ஏதாவது ஒரு முத்திரை குறையும். எனவே எனக்குத் தேவை, என்னோடு சேர்ந்து நிற்கும் மற்ற அரங்குகள். ஒருவர் ரத்துசெய்ய வேண்டி வந்தால் அதே நிகழ்ச்சியை அடுத்தவர் நடத்துவார் என்று முன்கூட்டியே பேசிவைத்தால், ஒரு அரங்கை மட்டும் குறிவைத்துப் பயன் இல்லை என்று ஆகிவிடும். எங்கள் பகுதியில் சிலரோடு பேசத் தொடங்கியிருக்கிறேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் வழக்குச் செலவு.

சட்டம்படித்தவன் எழுதியது:

ஐயா, செலவை முழுவதும் இல்லாமல் செய்ய முடியாது, குறைக்கலாம். நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் முன்பே காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பிறகு ரத்துசெய்யச் சொன்னால் அதையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். பல நேரம் எழுதித் தர மறுப்பார்கள். மறுத்ததை அன்றே மின்னஞ்சலில் அவர்களுக்கே குறிப்பிட்டு அனுப்பினால், பின்னால் உயர் நீதிமன்றம் போகும்போது அது ஆவணம். நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாமல் பதிவு செய்யுங்கள். சொல்லாத வரிக்காக வழக்கு வந்தால் உங்களையும் கலைஞரையும் காப்பாற்ற அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மேடைக்காரி எழுதியது:

சிற்றரங்கம் ஐயா, தயங்கும் அரங்குகளிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். முழுப் பதிவுக்கான செலவைக் கலைஞர்கள் பகிர்ந்துகொள்ளத் தயார். எனக்குத் தெரிந்த சிலரிடம் கேட்டுவிட்டேன். ரத்தானால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் சேர்க்கலாம். அதற்கு ஈடாக நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ரத்துசெய்யச் சொன்னது யார் என்பதை எங்களிடம் மறைக்கக் கூடாது. வரைவைச் சட்டம்படித்தவன் பார்த்துக் கொடுத்தால் இந்த வாரமே அனுப்புகிறேன்.

சட்டம்படித்தவன் எழுதியது:

அனுப்புங்கள். பார்த்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.